செடி எப்போ மூச்சு விடுது?

(அறிவியல் பக்கம். எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி)

போன மாதம் விடுகதையும் பொன்மொழியும்தான் நிறைய வந்துச்சு, அறிவியல் பக்கம் காலியா இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க. அதனால் இந்த முறை அந்தப் பக்கம் என் தலையில் விழுந்தது. கட்டுரை கொஞ்சம் நீளம்தான். பெல் அடிச்சிட்டா பாதியை நாளைக்கு வந்து படிங்க.

காலாண்டுத் தேர்வில் ஒரு ஐந்து மார்க் கேள்வி. "தாவரங்கள் எவ்வாறு சுவாசிக்கின்றன?" நான் கடகடன்னு எழுதினேன். "தாவரங்கள் பகலில் கரியமில வாயுவைச் சுவாசித்து ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் ஆக்சிஜனைச் சுவாசித்துக் கரியமில வாயுவை வெளிவிடும்." படம் எல்லாம் போட்டு, கலர் பென்சிலால் அம்புக்குறி போட்டிருந்தேன். ஐந்துக்கு ஒன்று வந்தது. அந்த ஒன்று படத்துக்காம்.

எங்க வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதே மாதிரிதான் எழுதியிருந்தாங்க. நான் அழுதுட்டேன். "சின்ன வகுப்பிலிருந்து இப்படித்தானே டீச்சர் படிச்சோம், ராத்திரியில் மரத்தடியில் படுக்கக் கூடாதுன்னு எங்க ஆயாகூட சொல்லுமே" என்று கேட்டேன். டீச்சர் கோபப்படவில்லை. "நான் சொல்றேன்னு நம்ப வேண்டாம். ஆயா சொல்லுதுன்னும் நம்ப வேண்டாம். செடிகிட்டயே கேட்டுடுவோம்" என்றாங்க. அன்றிலிருந்து மூன்று வாரம் நாங்க செடிகிட்ட கேட்டதுதான் இந்தக் கட்டுரை.

மூன்று பாட்டில்

செடிக்கு வாய் கிடையாது. அது விடுற காற்றைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. அதனால் முதலில் சாட்சி சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆள் சுண்ணாம்புத் தெளிநீர். எங்க ஆயா வெற்றிலைக்குப் போடுற சுண்ணாம்பில் கொஞ்சம் எடுத்து, ஒரு பாட்டில் தண்ணீரில் கலக்கி, ராத்திரி முழுக்க அசைக்காமல் வெச்சேன். காலையில் மேலே தெளிஞ்ச தண்ணீரை மட்டும் இறுத்து எடுத்துக்கிட்டேன். பார்க்கச் சாதாரணத் தண்ணீர் மாதிரியே இருக்கும். அதில் ஒரு ஸ்ட்ரா விட்டு மெதுவா ஊதினால் கொஞ்ச நேரத்தில் பால் மாதிரி வெள்ளையாகிடும். நம்ம மூச்சில் இருக்கிற கரியமில வாயு, தண்ணீரில் கரைஞ்ச சுண்ணாம்போடு சேர்ந்து, கரையாத கால்சியம் கார்பனேட் தூளாக மாறுது. சுண்ணாம்புக்கல்லில் இருப்பதும் இதேதான். (ஊதும்போது உறிஞ்சிடாதீங்க, வாய் வெந்துடும். கண்ணில் தெறிக்காமலும் பார்த்துக்கணும்.)

மூன்று ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காய வெச்சோம். மூன்றிலும் உள்ளே ஒரு சின்ன மூடியில் தெளிநீர். முதல் பாட்டிலில் செம்பருத்திக் கிளை, இலை நிறைய. இரண்டாவதிலும் அதே செடியின் கிளை, ஆனால் பாட்டில் முழுக்கக் கறுப்புத் தாள் சுற்றியாச்சு. மூன்றாவதில் செடியே கிடையாது. அது எதுக்குன்னு எல்லோரும் கேட்டோம். பாட்டிலுக்குள்ளே ஏற்கெனவே இருக்கிற காற்றிலும் துளி கரியமில வாயு இருக்கும், அதனால் எவ்வளவு வெளுக்குதுன்னு தெரிஞ்சாத்தான் செடி எவ்வளவு செஞ்சதுன்னு சொல்ல முடியும் என்று டீச்சர் சொன்னாங்க. மூடியை மெழுகு வைத்து அடைச்சு, காலை ஒன்பதரை மணிக்கு ஜன்னல் ஓரம் வெச்சோம்.

நான் என்ன எதிர்பார்த்தேன்னா, வெளிச்சத்தில் இருக்கிற பாட்டில் பகலில் கரியமில வாயுவை எடுத்துக்கும், தெளிநீர் அப்படியே இருக்கும், நான் எழுதினது சரின்னு ஆகிடும்.

அன்னைக்குன்னு பார்த்து சேர்வராயன் கோயில் மேட்டிலிருந்து பனி இறங்கிடுச்சு. நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சேலத்துச் சொந்தக்காரங்க யாராவது படிச்சா அவங்களுக்காகச் சொல்றேன். கோயில் இருக்கிற உச்சி 1,600 மீட்டருக்கும் மேலே. மே மாதத் திருவிழாவில் வெயில் அடிக்கும்போது வந்து பார்த்துட்டுப் போறவங்களுக்கு, மற்ற மாதங்களில் பத்து அடி முன்னாடி போறவர் முதுகு தெரியாத அளவுக்குப் பனி மூடும்னு தெரியாது. வகுப்பில் பலகை எழுத்தே தெரியலை. கரண்டும் இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்குப் பார்த்தோம். செடி இல்லாத பாட்டிலில் தெளிநீர் மேல் மெல்லிசா ஒரு ஆடை மட்டும். கறுப்புத் தாள் சுற்றினது நல்லா வெள்ளை. வெளிச்சத்தில் இருந்த பாட்டில்? அதுவும் வெள்ளை! கறுப்புத் தாள் பாட்டில் அளவுக்கு இல்லை, ஆனால் வெள்ளைதான்.

"சோதனை கெட்டுப் போச்சு டீச்சர், மழைக்காலம் முடிஞ்சு செய்யலாம்" என்றேன். டீச்சர் சிரிச்சாங்க. "கெட்டுப் போகலை. மணி என்ன? பகலா ராத்திரியா? நடுப்பகலில் உன் செடி கரியமில வாயு விட்டிருக்கு. உன் பரீட்சைப் பேப்பரில் அப்படியா எழுதியிருந்தே?"

எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. ஆனால் அந்த நிமிஷம்தான் விஷயம் புரிய ஆரம்பிச்சது.

நாலு நாள் கழிச்சு நல்ல வெயில். அதே மாதிரி புதுக் கிளை, புதுத் தெளிநீர் வைத்து, இந்த முறை பாட்டில்களை வெளியே திண்ணையில் வெச்சோம். கறுப்புத் தாள் பாட்டில் முன்னே மாதிரியே வெள்ளை. வெளிச்சத்துப் பாட்டிலோ செடி இல்லாத பாட்டில் மாதிரியே தெளிவா இருந்துச்சு.

சம்பளமும் செலவும்

டீச்சர் இதை இப்படிச் சொன்னாங்க. எங்க அப்பா காப்பித் தோட்டத்தில் வேலைக்குப் போறார். கூலி பகலில் வேலை செஞ்சால்தான். ஆனால் வீட்டுச் செலவு பகல், ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்குமா? அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். செடிக்கு ஒளிச்சேர்க்கை சம்பளம். சுவாசித்தல் செலவு.

ஒளிச்சேர்க்கையில் இலையில் இருக்கிற பச்சையம் வெளிச்சத்தைப் பிடிச்சு, அந்த ஆற்றலால் கரியமில வாயுவையும் தண்ணீரையும் சர்க்கரையா மாற்றுது. ஆக்சிஜன் வெளியே வருது. சுவாசித்தலில் அந்தச் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து உடைச்சு ஆற்றல் எடுக்குது. கரியமில வாயுவும் தண்ணீரும் வெளியே வருது. முதல் வேலை பச்சையாக இருக்கிற இடத்தில், வெளிச்சத்தில் மட்டும். இரண்டாவது வேலை வேர், தண்டு, பூ, விதை, இலை என்று உயிருள்ள எல்லா செல்லிலும், இருபத்து நாலு மணி நேரமும்.

நல்ல வெயிலில் சம்பளம் செலவைப் போலப் பல மடங்கு. அதனால் செடி மூச்சு விடுற கரியமில வாயு வெளியே வருவதற்குள்ளேயே அதுவே அதை எடுத்துச் சமைச்சிடும். நமக்கு ஆக்சிஜன் வருவது மட்டும்தான் தெரியும். செடி மூச்சு விடலைன்னு நினைச்சுக்கறோம். சாயங்காலம் வெளிச்சம் குறையக் குறைய ஒரு நேரம் சம்பளமும் செலவும் சரிக்குச் சரி ஆகும். அதுக்கப்புறம் செலவு மட்டும் தெரியும். பனி மூடின அன்னைக்கு எங்க வகுப்பு ஜன்னலில் வேலைக்குப் போயும் அரைக்கூலிதான் கிடைச்சிருக்கு.

ஆக, நான் எழுதினதில் தப்பு எதுன்னா, "பகலில் கரியமில வாயுவைச் சுவாசிக்கும்" என்று எழுதினதுதான். கரியமில வாயுவை எடுப்பது சுவாசம் கிடையாது. அது சாப்பாடு செய்றது. சுவாசம்னா செடிக்கும் ஆக்சிஜன்தான், நமக்கு மாதிரியே.

இதை முதலில் கண்டுபிடிச்சவர் ஜான் இங்கன்ஹவுஸ் என்ற டாக்டர். ஹாலந்து நாட்டில் பிறந்தவர். 1779-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஒரே கோடையில் 500 சோதனைக்கு மேல் செஞ்சாராம். செடி காற்றை நல்லதாக்குவது வெளிச்சத்தில் மட்டும், அதுவும் பச்சைப் பகுதி மட்டும், இருட்டில் செடியும் காற்றைக் கெடுக்குதுன்னு எழுதினார். நாங்க மூன்று தரம் பாட்டில் கழுவினதுக்கே அலுத்துக்கிட்டோம்.

ஆயா சொன்ன மரத்தடி விஷயத்தையும் கேட்டேன். திறந்த வெளியில் மரம் விடுற கரியமில வாயு காற்றோடு கலந்து போயிடும், ஒண்ணும் ஆகாது. "வீட்டுக்குள்ளே ஒரு பூந்தொட்டி விடுறதைவிட பக்கத்தில் படுத்திருக்கிற உன் தம்பி ரொம்ப அதிகமா விடுறான், அவனோட படுக்க மாட்டியா?" என்று டீச்சர் கேட்டாங்க. (மாட்டேன். அவன் உதைப்பான்.)

காப்பி இலை ஏமாற்றியது

ஸ்டார்ச் சோதனை எல்லோருக்கும் தெரியும். இலையின் நடுவில் இரண்டு பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டி, வெயிலில் வைத்து, அப்புறம் பறிச்சு வேகவைத்து, ஸ்பிரிட்டில் பச்சையத்தை எடுத்துட்டு, அயோடின் ஊற்றணும். வெளிச்சம் பட்ட இடம் கருநீலமாகும். செடியை அதுக்கு முன்னாடி இரண்டு நாள் இருட்டில் வைக்கணும். இல்லாவிட்டால் பழைய ஸ்டார்ச் இருந்து ஏமாற்றிடும்.

நம்ம ஊருன்னா காப்பிதானே, காப்பி இலையில் செய்வோம்னு நான்தான் சொன்னேன். வரலை. அந்த இலை தடிப்பு, மேலே மெழுகு பூசின மாதிரி பளபளப்பு. எவ்வளவு நேரம் வைத்தும் பச்சை முழுசாப் போகலை. அயோடின் ஊற்றினதும் சேறு மாதிரி ஒரு கலர். செம்பருத்தி இலையில் அழகா வந்தது, தாள் ஒட்டின பட்டை மட்டும் அயோடினின் பழுப்பு நிறத்தில் நின்றது. அந்த இலையை இந்தச் சுவர் இதழின் ஓரத்தில் ஒட்டியிருக்கேன், இப்போ கலர் மங்கிடுச்சு.

ஸ்பிரிட்டை நேரா அடுப்பில் வைக்கவே கூடாது, பற்றிக்கும். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சோதனைக் குழாயை நிற்க வைத்து டீச்சர்தான் செஞ்சாங்க. அப்போ வெப்பமானியைப் போட்டுப் பார்த்தோம். தண்ணீர் தளதளன்னு கொதிக்குது, வெப்பமானி 95 டிகிரி கிட்டேயே நிற்குது! வெப்பமானி கெட்டுப் போச்சுன்னு நினைச்சோம். மலை மேலே காற்றழுத்தம் குறைவு, அதனால் 100 வரைக்கும் போகாமலே கொதிச்சிடுமாம். நம்ம வீட்டில் பருப்பு வேக நேரமாவது இதனால்தான்.

வேலம்பாசியை டீச்சர் பாட்டிலில் போட்டு பஸ்ஸில் கொண்டு வந்தாங்க. புனலைக் கவிழ்த்து அதுக்குள் பாசியை விட்டு, மேலே தண்ணீர் நிரப்பின சோதனைக் குழாயைக் கவிழ்க்கிற சோதனை. வெயிலில் வைத்தால் குமிழி ஒண்ணொண்ணா ஏறும். நிழலுக்குத் தள்ளினால் கொஞ்ச நேரத்தில் குறையும். ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டதும் மறுபடி வேகம் கூடுச்சு, கரியமில வாயு கூடக் கிடைப்பதால். இரண்டு நாள் சேர்ந்த வாயுவில் கனல் இருக்கிற ஊதுபத்தியை நுழைச்சோம், பக்குன்னு எரிஞ்சது. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் இதே வேலம்பாசியை வைத்துத்தான் ஒளிச்சேர்க்கையை அளந்தார். குமிழியைத் தானே பதிவு செய்கிற கருவியும் செஞ்சார். 1924-இல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். எங்க கருவி என் பெஞ்சுத் தோழியின் விரல்தான். அவள் எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்துடுவாங்க, மறுபடி ஒண்ணிலிருந்து.

மூட்டைக்குள் சூடு

இனி சொல்றது எங்க வீட்டு விஷயம். எழுதலாமான்னு அம்மாவைக் கேட்டுட்டுத்தான் எழுதறேன்.

போன வருஷம் கார்த்திகையில் கேழ்வரகு அறுத்து அடிச்சதும் பனி பிடிச்சுக்கிச்சு. நாலு நாள் வெயிலே இல்லை. மழை வருதுன்னு அப்பா அவசரமா மூட்டை கட்டி வீட்டுக்குள் போட்டுட்டார். அம்மா அதைச் சமையல் கட்டுச் சுவர் ஓரமாத் தள்ளி வெச்சாங்க. பத்துப் பன்னிரண்டு நாள் கழிச்சு ஆயா மூட்டைக்குள் கையை விட்டது, "ஐயோ"ன்னு வெளியே எடுத்தது. உள்ளே சுடச்சுட இருந்துச்சு. ஒரு மாதிரி புளிச்ச வாசனை வேற. அடுப்புச் சூடு ஏறிடுச்சு, எல்லாம் அம்மா வெச்ச இடம்தான் காரணம்னு வீட்டில் ஒரே சண்டை. அந்தக் கேழ்வரகை விதைச்சப்போ பாதிகூட முளைக்கலை. அப்பவும் அம்மாவுக்குத்தான் திட்டு. அம்மா ஒண்ணும் பேசலை. நானும் அம்மா மேல்தான் தப்புன்னு நினைச்சேன்.

வகுப்பில் விதை சோதனை செஞ்சோம். முளைகட்டின பச்சைப்பயறு ஒரு பிளாஸ்கில், வேகவைத்து ஆற வைத்த பயறு இன்னொரு பிளாஸ்கில். இரண்டிலும் வெப்பமானியைச் சொருகிப் பஞ்சால் அடைச்சோம். மறுநாள் காலையில் முளைப்பயறு பிளாஸ்க் வகுப்பறையைவிட நல்லாச் சூடு. வெந்த பயறு பிளாஸ்கில் அந்தச் சூடு இல்லை. பக்கத்தில் அடுப்பு கிடையாது. பிளாஸ்க் வெளிச்சூட்டை உள்ளே விடவும் விடாது. அப்போ அந்தச் சூடு விதையின் மூச்சிலிருந்துதான் வந்தது. சர்க்கரையை உடைக்கும்போது வருகிற ஆற்றல் முழுவதையும் விதையால் வேலைக்குப் பயன்படுத்த முடியாது, மீதி சூடாப் போயிடும். நம்ம உடம்பு சூடா இருப்பதும் இதனால்தான்.

நான் எழுந்து, "காய்ஞ்ச விதையும் மூச்சு விடுமா டீச்சர்?" என்று கேட்டேன். நல்லாக் காய்ஞ்ச விதை மிக மிக மெதுவா விடும், தூங்கற மாதிரி. ஈரம் கூடக்கூட மூச்சு வேகமாகும். மூச்சு விட்டால் தண்ணீரும் வெளியே வருதில்லையா, அது மூட்டையை இன்னும் ஈரமாக்கும். சூடு மூட்டை நடுவிலிருந்து வெளியே போக வழி இல்லை. அதனால் சேர்ந்துக்கிட்டே போகும். தானியத்தில் ஈரம் 12, 13 சதவீதத்துக்குள் இருந்தால்தான் மூட்டையில் பத்திரமா இருக்குமாம்.

இன்னொரு விஷயம் நாங்க தேடாமலே கிடைச்சது. வெந்த பயறைத் தெளிநீரோட ஒரு பாட்டிலில் தனியா மூடி வெச்சிருந்தோம். செத்த விதை மூச்சு விடாதுன்னு காட்டறதுக்காக. இரண்டு நாள் வரைக்கும் சரியா இருந்துச்சு. சனி, ஞாயிறு முடிஞ்சு வந்து பார்த்தால் அதுவும் வெள்ளை! செத்த பயறு எப்படி மூச்சு விடும்? பாட்டிலைத் திறந்ததும் நாற்றம் தாங்கலை. பயறு மேலே வெள்ளையாப் பூஞ்சை. மூச்சு விட்டது பயறு இல்லை, பூஞ்சையும் கிருமியும். வேகவைத்த விதையைக் கிருமிநாசினியில் கழுவிட்டுப் போடணும்னு எங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. எங்க கேழ்வரகு மூட்டையில் வந்த புளிச்ச வாசனையும் அதுதான். விதை பாதி, பூஞ்சை பாதி, இரண்டும் சேர்ந்து சுட்டிருக்கு.

அன்னைக்கு ராத்திரி வீட்டில் சொன்னேன். அப்பா நம்பலை. அடுத்த நாள் பிளாஸ்கை டீச்சர்கிட்டே கேட்டு வாங்கிட்டுப் போய் அவர் கையைப் பிடிச்சு உள்ளே வைக்கச் சொன்னேன். வெச்சார். எடுத்து முகர்ந்து பார்த்தார். ஒண்ணும் சொல்லாமல் வெளியே போயிட்டார். இந்த வருஷம் கேழ்வரகை மூன்று வெயில் பாறையில் காய வெச்சிட்டுத்தான் மூட்டை கட்டினாங்க. நடுவில் பனி வந்தப்போ அப்பாவே, "கட்டாதே, இன்னும் ஒரு வெயில் பார்க்கலாம்" என்றார். ஆயா மட்டும் இன்னமும் அடுப்புதான்னு சொல்லுது. அம்மா சிரிச்சுக்கிட்டாங்க.

கட்டிப்போட்டால் குட்டிப்போடும்

இது எல்லோர் புத்தகத்திலும் ஒரு தடவையாவது இருந்திருக்கும். இலையை நோட்டுக்குள் வைத்தால் ஓரத்தில் குட்டிச் செடி முளைக்குமே, ரணகள்ளி. பாறை மேல்கூட வளரும். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தாவர ஆராய்ச்சி செஞ்ச பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் இந்த இலையை மென்னு பார்த்திருக்கார். காலையில் புளிக்குது, மத்தியானம் சப்புன்னு இருக்கு, சாயங்காலம் லேசாக் கசக்குதுன்னு லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அது 1815-இல் அங்கே அச்சிலும் வந்தது. நம்ம பக்கத்துச் செடியைப் பற்றி, 200 வருஷத்துக்கு முன்னாடி!

நீங்க மென்னு பார்க்காதீங்க, அதில் விஷச்சத்து உண்டுன்னு டீச்சர் சொன்னாங்க. நாங்க சாற்றை நீல லிட்மஸ் தாளில் வெச்சோம். காலை ஏழு மணி இலை தாளை நல்லாச் சிவப்பாக்குச்சு. சாயங்கால இலைச் சாற்றில் நிறம் லேசாத்தான் மாறுச்சு. காரணம் என்னன்னா, மற்ற செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயு எடுக்கும். அப்படித் திறந்தால் தண்ணீரும் ஆவியாப் போகும். பாறையில் வாழற செடிக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் ரணகள்ளி ராத்திரியில் துளையைத் திறந்து கரியமில வாயுவை எடுத்து மாலிக் அமிலமாச் சேர்த்து வைக்கும். பகலில் துளையை மூடிக்கிட்டு அதை எடுத்துச் சமைக்கும். ஆப்பிளில் இருக்கிற புளிப்பும் இதே அமிலம்தான். மரத்தில் ஒட்டி வாழற ஆர்க்கிட் செடிகளில் பலவும் இப்படிச் செய்யுமாம். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டத்தில் போனால் ஆர்க்கிட் நிறையப் பார்க்கலாம்.

இதைக் கேட்டதும், "அப்போ ராத்திரியில் எல்லாச் செடியும் கரியமில வாயு விடும்னு எழுதினாலும் தப்பா டீச்சர்?" என்று என் பெஞ்சுத் தோழி தலையில் கையை வெச்சுக்கிட்டா. ரணகள்ளியும் ராத்திரி மூச்சு விடும். ஆனால் விடுறதைவிட எடுக்கிறது அதிகமா இருக்கும்.

எனக்கு அந்த நாலு மார்க் திரும்ப வரலை. கேட்டுப் பார்த்தேன். "தப்பா எழுதினதுக்கு எப்படிம்மா போடறது?" என்றாங்க. அரையாண்டில் பார்த்துக்கலாம்.

இப்போ எங்க வகுப்பு ஜன்னலில் இரண்டு பாட்டில் புதுசா இருக்கு. ஒன்றில் செம்பருத்தி, ஒன்றில் ரணகள்ளி. இரண்டிலும் சுண்ணாம்புத் தெளிநீர். ராத்திரி முழுக்க இருட்டில் இருந்துட்டு எது வெளுத்திருக்கும், எது வெளுத்திருக்காதுன்னு உங்க பதிலைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் இருக்கிற டப்பாவில் போடுங்க. வெள்ளிக்கிழமை காலை முதல் மணியில் திறந்து பார்ப்போம். அதுவரைக்கும் யாரும் மூடியைத் தொடாதீங்க. முக்கியமா ஆறாம் வகுப்புத் தம்பிங்க.